அனுப்புகிறோம், அனுப்புவோம்

ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கு ‘ஷல்’, ‘வில்’ என்று இரண்டே சொற்கள்தான் என்று செங்கமலத்துக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான், நாங்கள் என்று வந்தால் ஷல். மற்ற எல்லாருக்கும் வில். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. அதன் பிறகு வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் வரைக்கும்கூடப் போதுமாகத்தான் இருந்தது. 1991 ஜனவரியில்தான் போதாது என்று தெரிந்தது.

அவள் வல்லத்தில் பிறந்தவள். அந்தக் குடும்பத்தில் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். லோயர், ஹையர் இரண்டையும் முதல் வகுப்பில் முடித்து, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு வால்வு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தாள். நூற்றிருபது பேர் வேலை செய்த இடம் அது. பின்பக்கம் ஃபவுண்டரி, அங்கே இரும்பை உருக்கி அச்சில் வார்ப்பார்கள். அதையடுத்து மெஷின் ஷாப். வார்த்து வந்ததைக் கடைந்து துளை போடுவது அங்கே. முன்பக்கம் ஆபீஸ். ஆபீசையும் ஷாப்பையும் ஒரு பச்சைக் கதவு பிரித்தது. ஆபீஸ்காரர்கள் அதைத் தாண்டிப் போகத் தேவையிருக்கவில்லை. ஷாப்காரர்கள் சம்பளம், லீவு, அட்வான்ஸ் என்று ஏதாவது ஒன்றுக்காகத் தாண்டி வருவார்கள்.

முனிரத்தினம் அப்படித்தான் வந்தான். குன்றத்தூர்க்காரன், லேத்தில் கடையும் டர்னர். லீவு லெட்டர் எழுதித் தரச் சொல்லி மூன்று முறை வந்தான். மூன்று முறையும் லீவு எடுக்கவில்லை. நான்காம் முறை வந்தபோது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று செங்கமலம் கேட்டாள்.  அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது. இருவரும் குன்றத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தார்கள், ஒரே பஸ்ஸில் போனார்கள். குழந்தை இல்லை என்று முதல் இரண்டு வருஷம் மாமியார் வாய் ஓயாமல் பேசினார். பிறகு அவருக்கே சலித்துப்போய் விட்டுவிட்டார்.

1989-இல் ஆபீசுக்கு டெலக்ஸ் மெஷின் வந்தது. கம்பெனி இங்கிலாந்திலிருந்த ஒரு பம்ப் கம்பெனிக்கு வால்வு பாடி, அதாவது வால்வின் இரும்புக் கூடு, அனுப்பத் தொடங்கியிருந்தது. கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர மூன்று வாரம் ஆனது. டெலக்ஸ் என்றால் அரைமணி நேரம். செய்தியை முதலில் ஒரு காகித நாடாவில் துளைகளாக அடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் நம்பரைச் சுழற்றினால், அந்தப் பக்கத்து மெஷின் தன் பெயரைச் சொல்லும். நாடாவை ஓடவிட்டால் இங்கே தடதடவென்று அடிப்பது அங்கேயும் அப்படியே அடிபடும். நாடாவில் அடித்த தப்பை அழிக்க முடியாது. கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். செங்கமலத்துக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தான் அடித்த எழுத்து அதே நிமிஷத்தில் வேறொரு நாட்டில் ஒரு மேஜைமேல் விழுகிறது என்பதை அவள் முனிரத்தினத்திடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வான்.

அந்தப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் பெயர் ஹாலம். வாங்குவதற்குப் பொறுப்பானவர். அவரை யாரும் பார்த்ததில்லை. சுருக்கமாக எழுதுவார், கோபம் வந்தால் இன்னும் சுருக்கமாக.

ஜனவரியில் பொங்கலுக்கு முந்தின வாரம், நாற்பது வால்வு பாடி எப்போது வரும் என்று ஹாலம் கேட்டிருந்தார். வொர்க்ஸ் மேனேஜர் இராமச்சந்திரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, “பதினெட்டாந்தேதி அனுப்பறோம்னு போடும்மா” என்றார். செங்கமலம் அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டாள். அனுப்பறோம்: ‘வீ ஆர் சென்டிங்.’

பொங்கலுக்கு ஊருக்குப் போன, அச்சு செய்யும் மோல்டர்கள் பாதிப் பேர் இருபத்தொன்றாம் தேதிதான் திரும்பினார்கள். சரக்கு போனது பிப்ரவரியில். இடையில் ஹாலமிடமிருந்து ஒரு டெலக்ஸ் வந்தது. ‘ஆர் சென்டிங்’ என்று எழுதியிருந்தீர்கள், அதை நம்பி ஒரு டெஸ்டிங் மெஷினையும் இரண்டு ஆட்களையும் அந்த வாரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தேன், அனுப்ப முயல்கிறோம் என்பதுதான் உங்கள் நிலைமை என்றால் முயல்கிறோம் என்றே எழுதுங்கள் என்றிருந்தது அதில்.

இராமச்சந்திரன் கெட்டவர் இல்லை. அவளைத் திட்டவும் இல்லை.

“அவன் ஒரு எழுத்தப் புடிச்சிக்கினு தொங்குவான்மா” என்றார். “இனிமே எல்லாத்துக்கும் வில் போட்டுரு. வில் போட்டா வம்பில்ல.”

அன்று சாயங்காலம் பஸ்ஸில் முனிரத்தினம் என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள். மேனேஜர் சொன்னதைத்தானே போட்டேன் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் அவர் சொன்னது பொய்யென்று அவளுக்கும் அப்போதே தெரியும். பொங்கல் வாரத்தில் ஃபவுண்டரி ஓடாது என்பது அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? நாளைக்கு வரேன் என்று ஒருவர் சொன்னால் அவர் வருகிறார். வருவேன் என்று சொன்னால் வரலாம், வராமலும் போகலாம். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இது தமிழில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஹாலமுக்கும் அவருடைய பாஷையில் அப்படித்தான் போலிருக்கிறது என்பதுதான் அவளுக்குப் புதிது.

அதற்கப்புறம் அவள் செய்த வேலையை யாரும் செய்யச் சொல்லவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆபீசில் வேலை குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் ஹாலமிடமிருந்து இரண்டு வருஷமாக வந்த டெலக்ஸ்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய கம்பெனி டைரி ஒன்றில் இடது பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எழுதினாள், வலது பக்கம் பிறகு என்ன நடந்தது என்று. அவருடைய சொந்த விஷயங்களை மட்டும் எடுத்தாள்: எங்கே போகிறார், எப்போது வரைபடம் அனுப்புகிறார், எப்போது கூப்பிடுகிறார்.

‘ஐ ஆம் ஃப்ளையிங் டு பாம்பே ஆன் தி தேர்ட்’ என்று எழுதினால் மூன்றாம் தேதி பம்பாயிலிருந்து அவருடைய டெலக்ஸ் வந்திருந்தது. அந்த மாதிரி பதினோரு இடம். பத்து அப்படியே நடந்திருந்தது. நடக்காத அந்த ஒன்றுக்கும் முன்கூட்டியே, வரவில்லை என்று சொல்லியிருந்தார். ‘கோயிங் டு’ என்று எழுதிய இடங்களில் தேதி இருக்காது, ஆனால் மனசில் முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. வரைபடத்தை மாற்றப்போகிறோம் என்றால், இரண்டு மாதம் கழித்தாவது மாறிய வரைபடம் வந்துவிடும். கப்பல் பற்றி எழுதும்போது மட்டும் எதையும் ஒட்டாமல், ‘தி ஷிப் செய்ல்ஸ் ஆன் ட்யூஸ்டே’ என்பார். செவ்வாய்க்கிழமை கப்பல் கிளம்புகிறது, அவ்வளவுதான். அவர் நினைத்தாலும் மாற்ற முடியாதது.

வில்தான் அவளைக் குழப்பியது. மேனேஜர் சொன்னதுபோல அது வம்பில்லாத சொல்லாக இல்லை. சில இடத்தில் பலவீனமாக இருந்தது, சில இடத்தில் பாறை மாதிரி இருந்தது. ‘ஐ வில் லுக் இன்டு இட்’ என்று எழுதியதில் பாதி என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. ஆனால் சர்ட்டிஃபிகேட் இல்லாமல் போய்ச் சேர்ந்த ஒரு பெட்டி துறைமுகத்தில் சிக்கியபோது, ‘ஐ வில் ஸ்பீக் டு தெம் மைசெல்ஃப்’ என்று அதே நிமிஷத்தில் பதில் அடித்திருந்தார். மறுநாள் பெட்டி வெளியே வந்தது. பல நாள் யோசித்து அவள் அதற்குப் பக்கத்தில் தமிழில் எழுதிவைத்தாள்: முன்னாடி ஏற்பாடு இல்லை, இப்போதுதான் மனசு வைக்கிறார். மனசு வைத்தது யார் என்பதைப் பொறுத்தது.

மார்ச் முடிவதற்குள் டைரியில் பதினாறு பக்கம் ஆகியிருந்தது. அவளுக்கு அதில் ஒரு ரகசிய சந்தோஷம். முனிரத்தினத்துக்கு மட்டும் காட்டினாள். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆளைப் பற்றி அவன் பெண்டாட்டிக்குக்கூட இவ்வளவு தெரிந்திருக்காது என்றான்.

மே இருபத்தொன்றாம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை உலகமே அறியும். ஒரு வாரத்துக்கு பஸ் இல்லை, கம்பெனி இல்லை. திறந்த பிறகும் பெங்களூர் சாலையில் போலீஸ் வண்டிகளும் வெளியூர் கார்களுமாக இருந்தன. ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்களெல்லாம் அதைப் பேப்பரில் படித்துவிட்டார்கள். ஹாலமும் படித்திருந்தார். மே முப்பதாம் தேதி அவருடைய டெலக்ஸ் வந்தது. எல்லாரும் நலமா என்று முதல் வரியில் கேட்டிருந்தார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வரியிலிருந்து வழக்கமான ஹாலம்தான். இருநூற்று நாற்பது வால்வு பாடிக்கான ஆர்டர் கையில் இருக்கிறது, உங்களால் நேரத்துக்கு அனுப்ப முடியுமா என்று எங்கள் டைரக்டர்கள் கவலைப்படுகிறார்கள், உங்கள் திட்டத்தை எழுதுங்கள், இல்லையென்றால் வேறு இடத்தில் கொடுத்துவிடுவோம்.

அந்த ஆர்டர் போனால் ஃபவுண்டரியில் ஒரு ஷிஃப்டை நிறுத்த வேண்டியிருக்கும். இராமச்சந்திரன் உடனே பதிலை எழுதிக்கொண்டு வந்தார். எல்லாம் சீராகிவிடும், வேலை விரைவில் தொடங்கும், சரக்கை இயன்றவரை சீக்கிரம் அனுப்புவோம், தாங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். செங்கமலம் எண்ணிப் பார்த்தாள். நாலு வரி, அதில் மூன்று வில். தேதி ஒன்றுகூட இல்லை.

அவள் நாடாவை மாட்டவில்லை.

“சார், இதப் போட்டா அவர் ஆர்டரத் தர மாட்டார்” என்றாள்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. பின்னே எதைப் போடச் சொல்கிறாய் என்று கேட்டார். தேதி போட்டு மாட்டிக்கொண்டதைத்தான் ஜனவரியில் பார்த்தோமே என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. ஊர் இன்னும் நிலைக்கு வரவில்லை. நாளைக்கு பஸ் ஓடுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

“தேதி போட்டதுல தப்பில்ல சார். நாம கேக்காம போட்டோம். நான் உள்ள போயி ஒவ்வொருத்தரையா கேட்டுட்டு வரேன். ஒரு மணி நேரம் குடுங்க.”

இராமச்சந்திரன் யோசித்தார். ஆபீஸ் டைப்பிஸ்ட் ஷாப்புக்குள் போய் சூப்பர்வைசர்களிடம் தேதி கேட்பது அதுவரை நடக்காத காரியம். கடைசியில், போய்விட்டு வா, நான் சொன்னேன் என்று சொல் என்றார்.

அப்படித்தான் அவள் பச்சைக் கதவைத் தாண்டினாள். முதலில் ஃபவுண்டரிக்குப் போனாள். சூப்பர்வைசர் தாவீது மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஓரகடத்துப் பக்கத்துக்காரர், ஐம்பது வயசு, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் கால் பதித்து வந்தவளைப் பார்த்ததும், எதாவது கெட்ட சேதியா என்றுதான் முதலில் கேட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“ஊத்திடலாம் தங்கச்சி, அதுக்கு இன்னா” என்றார்.

“ஊத்திடலாமா, ஊத்தறீங்களாண்ணா?”

அவர் சிரிக்கவில்லை. கேள்வி புரிந்துவிட்டது. விரலில் எண்ணினார்: கோக் நிலக்கரி எவ்வளவு இருக்கிறது, மோல்டர்கள் யார் யார் திரும்பிவிட்டார்கள், அச்சு எத்தனை தயார். அப்புறம், ஜூன் பத்து திங்கட்கிழமை ஊத்தறோம், என்னை நம்பி எழுதிக்கோ என்றார். நூறு ஒரு நாள், நூறு மறுநாள், மிச்சம் புதன்கிழமை. சந்தேகத்துக்குப் பத்து அதிகமாகவே ஊற்றுவதாகவும் சொன்னார்.

மெஷின் ஷாப்பில் முனிரத்தினத்தின் லேத்துக்குப் பக்கத்தில்தான் லைன் சூப்பர்வைசரின் மேஜை. அவர் லீவில் இருந்ததால் மூத்த ஆள் என்று முனிரத்தினத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது. சுற்றிலும் நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“ஆயிடும்” என்றான் அவன்.

“எப்ப?”

“ஆயிடும் செங்கமலம். நாங்க இன்னா சும்மாவா குந்திகினு கீறோம்?”

யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது சூடாயிற்று; ஆனாலும் நகரவில்லை. டைரியைத் திறந்து பென்சிலை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பாடிக்கு எத்தனை நிமிஷம், எத்தனை லேத்து ஓடுகிறது என்று கேட்டாள். அவன் மெஷினை நிறுத்தினான். கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து லேத்துக்காரனையும் கூப்பிட்டுக் கணக்குப் போட்டான். பதினேழாம் தேதி ஆரம்பிக்கிறோம், ஓ.டி. கொடுத்தால் இருபத்தொன்பதாம் தேதி முடிக்கிறோம், ஓ.டி. இல்லையென்றால் ஜூலை நாலு என்று சொன்னான். சொல்லும்போது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. வீட்டில் அப்படி ஒரு குரலை அவள் கேட்டதில்லை.

டெஸ்டிங்கில் மட்டும் யாராலும் தேதி சொல்ல முடியவில்லை. தண்ணீர் அழுத்தத்தில் எத்தனை ஒழுகும், எத்தனை தேறும் என்பது வார்த்த பிறகுதான் தெரியும் என்றார்கள். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வந்து மேனேஜரிடம் காட்டினாள். ஓ.டி. கொடுப்பதாக அவர் ஒத்துக்கொண்டார். லாரிக்கும் கப்பலுக்கும் அப்போதே போன் போட்டுக் கேட்டார்கள். அதன் பிறகு அவள் உட்கார்ந்து அடித்தாள். ஜூன் பத்தாம் தேதி வார்க்கிறோம்: ‘வீ ஆர் போரிங்.’ பதினேழிலிருந்து கடைகிறோம்: ‘வீ ஆர் மெஷினிங்.’ ஜூலை ஐந்து, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு லாரி கிளம்புகிறது: ‘தி லாரி லீவ்ஸ்.’ ஒன்பதாம் தேதி கப்பல் கிளம்புகிறது: ‘தி ஷிப் செய்ல்ஸ்.’ கடைசி வரியில்தான் ஒரே ஒரு வில் வைத்தாள். அழுத்த சோதனையில் எத்தனை தேறும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது, தெரிந்த அன்றே சொல்வோம்: ‘வீ வில் டெல் யூ.’

இராமச்சந்திரன் இரண்டு முறை படித்தார். “இவ்ளோ கறாரா சொல்லணுமாம்மா?” என்றார். பிறகு அவரே நாடாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. இரண்டு வரி. நன்றி என்று ஒரு வரி. ‘ஐ ஆம் கீப்பிங் தி ஆர்டர் வித் யூ’ என்று ஒரு வரி. மேனேஜர் அதைப் படித்துவிட்டு, ஆர்டர் நமக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே ஷாப்புக்கு ஓடினார். செங்கமலம் மட்டும் அந்த இரண்டாவது வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐ வில் கீப் என்று அவர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. டைரியின் இடது பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள்.

வேலை நடந்தது. பத்தாம் தேதி காலையில் ஃபவுண்டரிக் கூரைக்கு மேல் புகை எழும்பியதை அவள் பஸ்ஸிலிருந்தே பார்த்தாள். தாவீது சொன்ன மூன்று நாளில் இருநூற்று ஐம்பதும் வந்துவிட்டது. முனிரத்தினம் பன்னிரண்டு நாளும் ஓ.டி. பார்த்தான். அந்த நாட்களில் அவள் தனியாக பஸ் ஏறினாள். அவன் ஏழு மணி வண்டியில் வந்தான். அவனுக்காக வடை வாங்கி வைத்திருப்பாள். சாப்பிட்டுக்கொண்டே, இன்றைக்கு எத்தனை முடிந்தது என்று அவனாகவே சொல்வான்.

ஜூலை இரண்டாம் தேதி சோதனை முடிந்தது. இருநூற்று ஐம்பதில் இருபத்தொன்று ஒழுகியது. அனுப்பக்கூடியது இருநூற்று இருபத்தொன்பது, பதினொன்று குறைந்தது. தாவீது ஒழுகிய ஒரு பாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். மணல் ஈரம் என்று சொன்னார். வேறு காரணம் எதையும் சொல்லவில்லை.

இராமச்சந்திரன் கதவைச் சாத்தச் சொன்னார். இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், பெட்டி போய்ச் சேர ஒரு மாதம் ஆகும், அதற்குள் பதினொன்றை வார்த்துப் பின்னாலேயே அனுப்பிவிடலாம், எண்ணிப் பார்த்துக் கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. தாவீது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்ச அன்னிக்கே சொல்வோம்னு எழுதியிருக்கோம் சார்” என்றாள் செங்கமலம்.

“அது வில்தானேம்மா.”

“ஆமாம் சார். ஆனா சொன்னது நாம.”

மேனேஜர் வெகுநேரம் பேப்பர்வெயிட்டை உருட்டினார். அப்புறம், சரி போடு, திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார். எட்டாம் தேதி மறுபடி ஊத்தறோம் என்று தாவீது தேதி சொன்னார். அவள் அடித்தாள். வெள்ளிக்கிழமை இருநூற்று நாற்பது அனுப்பவில்லை, இருநூற்று இருபத்தொன்பது அனுப்புகிறோம். பதினொன்று ஒழுகின. எட்டாம் தேதி மறுபடி வார்க்கிறோம்.

அன்று பதில் வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழன் சாயங்காலம், பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் மெஷின் தடதடத்தது. உங்களிடமிருந்து சரக்கு வாங்கத் தொடங்கிய பிறகு, நான் எண்ணுவதற்கு முன்னால் எனக்குச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று ஹாலம் எழுதியிருந்தார். பதினொன்றை அடுத்த கப்பலில் அனுப்பினால் போதும் என்றும், அக்டோபருக்கு இன்னொரு ஆர்டர் தரப்போவதாகவும் எழுதியிருந்தார். ‘கோயிங் டு’ என்றிருந்தது. தேதி இல்லை. அது வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவளும் முனிரத்தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார்கள். ஆறு மணிக்கு லாரி கிளம்பவில்லை. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து ஏறும்போது ஆறு பத்து. அந்தப் பத்து நிமிஷத்தை யாருக்கும் டெலக்ஸ் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் செங்கமலம் பச்சைக் கதவைத் தாண்டிப் போய்த் தேதி கேட்டுவருவது பழக்கமாயிற்று. அவளுக்கு டெஸ்பாட்ச் அசிஸ்டென்ட் என்று பெயர் மாற்றினார்கள். ஷாப்பில் அவள் வருவதைக் கண்டால், “ஆவுமான்னு கேக்காதம்மா, ஆவுது” என்று முந்திக்கொண்டு சொல்பவர்கள் வந்தார்கள். சிலருக்கு அவள் வருவது பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே தேதி கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? தெரியாது என்று சொல்பவர்களை அவள் நெருக்கவில்லை. தெரியாது என்பதும் எழுதி அனுப்பக்கூடிய ஒன்றுதான் என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது.

ஜூலை கடைசியில் அவளுக்கு டெலக்ஸ் அறையின் மெஷின் எண்ணெய் வாசம் குமட்டியது. ஃபவுண்டரிப் பக்கமே போக முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் உறுதி செய்துகொண்டு வந்து முனிரத்தினத்திடம் சொன்னபோது, அவன் குன்றத்தூர் மலைக்கோயில் படியை ஒரே மூச்சில் ஏறி இறங்கிவிட்டு வந்தான். வேண்டுதல் எதுவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஏறினேன் என்றான்.

ஜனவரியில் லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தாள். எத்தனையோ பேருக்கு எழுதித் தந்திருக்கிறாள். தனக்கென்று இவ்வளவு நீண்ட லீவு எழுதுவது முதல் முறை. எனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்பதற்கு ‘கோயிங் டு’ போட்டாள். அது வயிற்றைப் பார்த்தாலே தெரிகிறது, ஆனால் தேதி அவள் கையில் இல்லை. பிப்ரவரி பத்திலிருந்து லீவில் போகிறேன் என்பதற்கு ‘ஐ ஆம் கோயிங்.’ அடுத்த வரியில் கை நின்றது.

திரும்பி வருவதைப் பற்றி வீட்டில் ஒன்றும் முடிவாகவில்லை. மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவாய் என்று மாமியார் கேட்டிருந்தார். பார்க்கலாம் என்று எல்லாருமே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவளும்தான். ஏற்பாடு இல்லாததற்கு ‘ஐ ஆம் கமிங்’ என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. வில் என்று எழுதவும் மனம் வரவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சோறு போட்டுக்கொண்டே முனிரத்தினத்திடம் விஷயத்தைச் சொன்னாள். லெட்டரில் ஒரு வரி மிச்சம் இருக்கிறது, என்ன போடட்டும் என்று கேட்டாள்.

அவன் சோற்றைப் பிசைந்தான்.

“நான் செகண்ட் ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கிறேன்” என்றான். “காலைல நான் கீறேன். மத்தியானத்துக்கு மேல அம்மா பாத்துக்கறாங்க. கேட்டுட்டேன்.”

“எப்ப கேட்டீங்க?”

“போன வாரமே. நீ கேக்கும்போது சொல்லலாம்னு இருந்தேன்.”

மறுநாள் அந்த வரியை அடித்துக் கொடுத்தாள். மே நாலாம் தேதி வேலைக்கு வருகிறேன்: ‘ஐ ஆம் கமிங் பேக்.’ இராமச்சந்திரன் படித்தார். வழக்கம்போல நெற்றியைத் தேய்த்தார். பிரசவத்துக்குப் போன யாரும் இந்தக் கம்பெனிக்குத் திரும்பி வந்ததில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். வில் என்று போட்டுவைத்தால் ஒருவேளை முடியாமல் போனாலும் சங்கடமில்லையே என்றார். அவள் நல்லதுக்காகத்தான் சொன்னார்.

“இல்ல சார், வரேன்” என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி பதினேழாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. நிலா என்று பெயர் வைத்தார்கள். தாவீது மனைவியோடு வந்து குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லா கொடுத்துவிட்டுப் போனார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆபீசில் அவளுக்குப் பதிலாக ரஞ்சனா என்ற பெண்ணைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். ஏப்ரலில் அவள் ஒருநாள் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமைகளில் ஷாப்பில் யாரை முதலில் கேட்பது என்று விசாரித்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள்.

மே நாலாம் தேதி திங்கட்கிழமை. செங்கமலம் காலை பஸ்ஸில் ஏறும்போது முனிரத்தினம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். பூந்தமல்லி தாண்டும்வரை அவள் அழுதாள். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆபீசில் கரெண்ட் இல்லை. டெலக்ஸ் மெஷின் மூடியபடி கிடந்தது. ரஞ்சனா எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். இராமச்சந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்டார்.

நன்றாகக் குடிக்கிறது என்றாள். கரெண்ட் வருவதற்குள் வேலையைப் பார்க்கலாம் என்று டைரியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஃபவுண்டரிப் பக்கம் நடந்தாள்.